எதுவரை கழற்றலாம்? பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாத்தா விட்டுப்போன அம்பாஸிடர், மாமனார் வீட்டிலிருந்து வந்த ஃபியட், யாருடைய கொட்டகையிலோ பதினைந்து வருடமாகத் தூங்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்ட். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் கேள்வி கேட்கிறார்கள். அதனால் பதில்களும் இந்த மூன்றைச் சுற்றியே இருக்கும். நான் பட்டறை வைத்திருப்பவன் இல்லை. சொந்த வண்டிகளில் கையைச் சுட்டுக்கொண்டு கற்றவன். அந்தக் கணக்கிலேயே படியுங்கள்.

முழுசாகக் கழற்றினால்தானே வேலை சுத்தமாக இருக்கும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். பாதிப் பேர் மாட்டிக்கொள்வதும் இதில்தான். கழற்றுவது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. நண்பர்கள் வருவார்கள், டீ வரும், மாலைக்குள் கதவு, சீட்டு, டிக்கி எல்லாம் தரையில் கிடக்கும். ஏதோ பெரிதாகச் சாதித்த மாதிரி இருக்கும். திருப்பி மாட்டுவதற்கு வருடக் கணக்கில் ஆகும், அப்போது நண்பர்கள் வர மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்து காயலான் கடைக்குப் போன பழைய கார்களில் பல, துருவால் போனவை இல்லை. அட்டைப்பெட்டிகளில் பிரிந்து கிடந்து, எது எங்கே மாட்டுவது என்று தெரியாமல், கடைசியில் வீட்டில் சண்டை வந்து எடைக்குப் போனவை.

என் கணக்கு இதுதான். கெட்டுப்போன இடத்தை எட்டும்வரை கழற்றுங்கள். நல்ல தகரம், நல்ல போல்ட்டு, ஒழுங்காக வேலை செய்யும் பாகம் கண்ணில் பட்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு ஸ்க்ரூவைத் தொடுவதானால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அதையும் எடுத்துவிடலாமே" என்பது காரணம் ஆகாது.

சரி, கெட்டது எங்கே என்று கழற்றாமலே எப்படித் தெரியும்?

ஓடுகிற வண்டியானால் முதலில் ஓட்டிப் பாருங்கள். எந்த கியர் நழுவுகிறது, பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங்கில் எவ்வளவு ஆட்டம், இன்ஜின் சூடான பிறகு ஆயில் பிரஷர் விழுகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரித்துப் போட்ட பிறகு இந்தத் தகவல் எதுவும் கிடைக்காது. ஓடாத வண்டியானால், பிரேக்கை மட்டும் சரிசெய்து, பெட்ரோலைத் தனி டப்பாவிலிருந்து கொடுத்து இன்ஜினை உயிர்ப்பிக்க முயலுங்கள். அதற்குச் செலவாகும் ஒரு வாரம் பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

இன்ஜினுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளப்பது. ஒரு சிலிண்டரில் அளவு குறைவாக இருந்தால் பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், போர் (பிஸ்டன் வளையம், சிலிண்டர் சுவர்) பக்கம் தேய்மானம். ஏறாவிட்டால் மேலே ஹெட்டில் இருக்கும் வால்வு பக்கம் சந்தேகம். ஹெட்டை மட்டும் எடுப்பதா, இன்ஜினையே இறக்குவதா என்பதை இந்த ஒரு ஸ்பூன் ஆயில் சொல்லிவிடும்.

பாடிக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி, மட்கார்டின் ஓரம், கதவுக்குக் கீழே ஓடும் சில் ஆகிய இடங்களில் நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள். பிறகு கம்பளத்தைத் தூக்கி ஃப்ளோரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீர் என்று பேசும், உளுத்தது மொத் என்று அடங்கும். ஸ்பேர் வீல் படுத்திருக்கும் பள்ளத்தையும் முன் கண்ணாடியின் கீழ் மூலைகளையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு சோதனை உண்டு. சில்லுக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கும்போது கதவு இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி சுருங்கினாலோ, கதவு பூட்டு மாட்டாமல் நின்றாலோ பாடியின் எலும்பே தளர்ந்திருக்கிறது. பெயிண்ட் வேலையெல்லாம் அப்புறம்தான்.

வெளிநாட்டு வீடியோக்களில் பாடியைத் தனியாகத் தூக்கி, சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வேறாக வைக்கிறார்கள். என் ஃபியட்டில் அப்படிச் செய்யலாமா?

முடியாது. தூக்குவதற்கு உங்கள் ஃபியட்டில் தனி சேசிஸ் கிடையாது.

பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட் 1100, பிறகு அதுவே பத்மினியாக மாறியது, இரண்டும் மோனோகாக் வண்டிகள். ஃப்ளோர், சில், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்த கூடுதான் சேசிஸ். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வழியில் வந்து, 2014 வரை உத்தர்பாராவில் உருவான அம்பாஸிடரும் அப்படித்தான். இவற்றில் "முழுசாகக் கழற்றுவது" என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், கண்ணாடி, வயரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் கூட்டைச் சட்டத்தில் நிறுத்துவது. அந்தக் கூட்டை மனம்போல வெட்ட ஆரம்பித்தால் வண்டி வளைந்துவிடும்.

ஹெரால்டின் கதை வேறு. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கலோட்டி. 1961 முதல் நம் மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதைச் செய்தது. மற்ற கம்பெனிகள் மோனோகாக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இது மட்டும் தனி சேசிஸோடு வந்தது. அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட்டு போட்டு மாட்டினார்கள். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். அந்த வீடியோக்களில் பார்க்கிற "பாடி ஆஃப்" வேலை நம் ஊர் வண்டிகளில் இதற்குத்தான் பொருந்தும்.

அப்படியானால் ஹெரால்டில் பாடியைத் தூக்கியே ஆக வேண்டுமா?

வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். பல நேரம் தேவையே இருக்காது. இந்த வண்டியைத் திட்டமிட்டவர்கள் மெக்கானிக்கின் முதுகை நினைத்து வேலை செய்திருக்கிறார்கள். பானெட்டைச் சாய்த்தால் முன் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸுக்கு வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம். உள்ளே நடுவில் இருக்கும் டனல் மூடியைக் கழற்றி, கேபினுக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம், கிளட்ச் பிளேட்டும் அந்த வழியில்தான். பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் லீஃப் ஸ்பிரிங்கின் போல்ட்டுகளை எட்ட, பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடியே வைத்திருக்கிறார்கள்.

பாடியைத் தூக்க நான் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் இரண்டு. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உளுத்திருப்பது ஒன்று. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் சேறு தங்கி, மேல்பக்கத் தகரம் கீழிருந்து பார்த்தாலே செதில் செதிலாக உதிர்வது இன்னொன்று. இரண்டும் இல்லையென்றால் அடியில் படுத்து, கம்பி பிரஷ் போட்டு, பிரேக் பைப்புகளை மாற்றி, துரு தடுப்பு அடித்து முடித்துவிடலாம்.

தூக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாடி உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் பேக்கிங் துண்டுகள் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை துண்டு, என்ன கனம் என்று இடம் வாரியாக எழுதி வையுங்கள். கதவு ஒழுங்காக மூடுவதும் மூடாததும் இந்தத் துண்டுகளின் கணக்கில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்த நண்பர் ஒருவர், கதவு இடைவெளியைச் சரிசெய்யவே ஒரு கோடைகாலம் முழுக்கச் செலவழித்தார். தூக்கும் முன் கதவுத் திறப்பின் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்டு செய்துகொள்வதும் அவசியம். கூரை எடுத்த பாடி காலி அட்டைப்பெட்டி மாதிரி, எந்தப் பக்கமும் நெளியும்.

அம்பாஸிடரில் சில்லும் ஃப்ளோரும் போய்விட்டன. டிங்கர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டலாம் என்கிறார்.

வேண்டாம். ஒரு பக்கம் முடித்து, இன்னொரு பக்கம். கதவுத் திறப்பில் குறுக்குக் குழாய் வைத்தபின், வண்டி தன் சக்கரங்கள்மேலோ, ஆக்சில் அடியில் வைத்த ஸ்டாண்டுகள்மேலோ சமதளத்தில் நிற்கும்போது வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன்பும், புதுத் தகரத்தை அங்கங்கே வெல்டு புள்ளி வைத்துப் பிடித்த பிறகும் கதவை மாட்டிப் பாருங்கள். அதனால் சில் வேலை முடியும்வரை கதவுகளைப் பெயிண்டரிடம் அனுப்பக் கூடாது. கதவு ஒரு பட்டறையில், கூடு இன்னொரு பட்டறையில் என்று பிரித்துவிட்டால் அளவு பார்க்க எதுவுமே இருக்காது.

அம்பாஸிடருக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்கள் (முறுக்கிய நிலையில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளக் கம்பிகள்) பின்னோக்கி ஓடி, ஃப்ளோருக்கு அடியில் ஒரு கிராஸ் மெம்பரில், அதாவது குறுக்குச் சட்டத்தில், முடிகின்றன. அந்த இடம் உளுத்திருந்தால் மேலே ஒட்டுப்போட்டு மூடிப் பயன் இல்லை. வண்டியின் முன்பக்க எடையை அதுதான் பிடித்து நிற்கிறது.

சஸ்பென்ஷனை நானே பிரிக்கலாமா?

புஷ், ஷாக் அப்சார்பர் மாற்றுவது வரை தாராளமாக. ஹெரால்ட், ஃபியட் இரண்டிலும் முன்னால் இருக்கும் காயில் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. சரியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் கயிறு, கம்பி கட்டிக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்காதீர்கள். அம்பாஸிடரின் டார்ஷன் பாரும் முறுக்கிய நிலையில்தான் இருக்கும். முறுக்கைத் தளர்த்திய பிறகே எடுக்க வேண்டும். எடுக்கும் முன் இடது, வலது என்றும், பல் எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது என்றும் பெயிண்டால் கோடு போடுங்கள். பழகிய பாரைப் பக்கம் மாற்றிப் போடக் கூடாது.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்றடித்து ஊதும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். இதில் சமரசமே கூடாது.

இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கம்ப்ரஷன் நன்றாக இருந்து, ஆயில் பிரஷர் நின்று, புகையும் இல்லையென்றால் அதன் வயிற்றைத் திறக்காதீர்கள். இன்ஜின் உட்காரும் பள்ளத்துக்குப் பெயிண்ட் அடிப்பதற்காக இன்ஜினை இறக்குவது தப்பில்லை. ஆனால் இறக்கியது இறக்கியபடி மூடி போட்டு ஓரமாக வையுங்கள். "வெளியேதானே இருக்கிறது, பிரித்துப் பார்த்துவிடலாம்" என்று மெக்கானிக் அண்ணன் சொல்வார். லேத் பட்டறை, போரிங், கிராங்க் கிரைண்டிங் என்று அந்தச் செலவு தனிக் குடும்பமாக வளரும்.

ஸ்பானர் விஷயம் ஒன்று. ஹெரால்டும் பழைய அம்பாஸிடரும் இஞ்ச் கணக்கு, ஃபியட் மில்லிமீட்டர் கணக்கு. இஞ்ச் போல்ட்டில் கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். அப்புறம் அந்த ஒரு போல்ட்டை எடுக்கவே ஒரு நாள் போகும்.

கண்ணாடி, வயரிங், டேஷ்போர்டு, குஷன் எல்லாம்?

கண்ணாடியின் மூலையில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் எடுத்தே ஆக வேண்டும், ரப்பர் பீடிங்குக்கு அடியில் துரு ஓடியிருக்கும். புது பீடிங் கையில் வந்த பிறகு பழையதை அறுத்து எடுங்கள். பழைய ரப்பரைக் காப்பாற்ற நெம்பிக் கண்ணாடியை உடைத்தவர்கள் உண்டு. கொப்பளிப்பு இல்லையென்றால் மாஸ்கிங் போட்டுப் பெயிண்ட் அடிக்கலாம். போட்டிக்கு நிறுத்தப்போகும் வண்டிக்கு அது பத்தாது, ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் போய்வரப் போதும்.

கூரையின் உள் துணி கிழியாமல், நாறாமல் இருந்தால் கையே வைக்க வேண்டாம். இறக்கியதைச் சுருக்கம் இல்லாமல் மறுபடி ஏற்றத் தெரிந்த குஷன்காரர்கள் குறைந்துவிட்டார்கள்.

வயரிங்கில் வெட்டுக்கத்திக்கே இடமில்லை. பிரிட்டிஷ் வம்ச வண்டிகளில் லூகாஸ் என்ற மின்சாமான் கம்பெனியின் நிற முறை இருக்கும். பிரவுன் பாட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டதும் உயிர் பெறுவது, பச்சை அதிலிருந்து ஃப்யூஸ் தாண்டிப் போவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட்டும் பின் லைட்டும், கறுப்பு எர்த். இது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஐம்பது வருடத்தில் எத்தனை எலெக்ட்ரீஷியன்கள் கைவைத்தார்களோ, அத்தனை நிறம் கலந்திருக்கும் என்பதும் உண்மை. அதனால் ஒவ்வொரு முனையிலும் சீட்டு கட்டுங்கள், வயரிலும் அது மாட்டியிருந்த இடத்திலும். பாட்டரியைக் கழற்றும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனையே பாடிக்குப் போகும் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு.

பெயிண்டை வெறும் தகரம்வரை உரிக்கலாமா?

அடுக்கடுக்காக வெடித்திருந்தால் உரிக்கலாம். ஆனால் ஒரே நாளில் வண்டி முழுக்க வேண்டாம். கடலோர ஊர்க்காற்றில் வெறும் தகரம் ஒரு ராத்திரியில் மஞ்சள் பூக்கும். ஒரு நாளில் எவ்வளவு உரித்து எபாக்ஸி பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவே உரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையையே எடுக்காதீர்கள்.

சேசிஸுக்கும் சஸ்பென்ஷன் கைகளுக்கும் காற்றழுத்தத்தில் மணல் அடித்துத் துருவை எடுப்பது நல்லது. பானெட், கூரை, கதவு போன்ற அகலமான மெல்லிய தகரத்துக்கு அதே வேகத்தில் மணல் அடித்தால் அலை அலையாக நெளிந்துவிடும், திருப்பி நேராக்க முடியாது. மோனோகாக் கூட்டுக்குள் புகுந்த மணல் சில்லுக்குள் தங்கி, ஈரத்தைப் பிடித்து வைக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் தேய்க்கும்போது நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், முகமூடியும் வேண்டும்.

அசல் பெயிண்ட் மங்கியிருந்தாலும் முழுசாக இருக்கும் வண்டி கையில் வந்தால், உரிக்கும் முன் ஒரு மாதம் பாலிஷ் போட்டுப் பாருங்கள் என்பேன். பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், பழையதைக் காப்பாற்றுவதை முதலிலும், புதிதாக்குவதை அதன்பிறகும்தான் வைக்கிறது.

ஆர்டிஓ பக்கம் ஏதாவது சிக்கல் வருமா?

வரும், வெட்டுவதைப் பொறுத்து. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் வடிவில் உள்ள காருக்கும் பைக்குக்கும் நம்பரில் "விஏ" என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சேசிஸ், பாடி கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. டீசல் இன்ஜின் மாற்றிய ஃபியட்டுக்கு அந்த வழி கஷ்டம். இந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேசிஸ் நம்பர் பொறித்த தகரத்தை என்ன ஆனாலும் வெட்டாதீர்கள், கிரைண்டர் காட்டாதீர்கள். கழற்றும் முன்பே பென்சிலால் தேய்த்து நம்பரைத் தாளில் எடுத்து, ஆர்சி புக்கோடு ஒத்துப் பாருங்கள். நிறத்தை மாற்றுவதானால் அதையும் ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

கழற்றிய பாகங்களை எப்படி வைப்பது?

செல்போனில் போட்டோ எடுங்கள், அதோடு நிற்காதீர்கள். நெருக்கத்தில் எடுத்த போட்டோவில் எல்லா போல்ட்டும் ஒரே மாதிரி தெரியும். தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, கை வைத்துக் காட்டியபடி ஒன்று என்று மூன்றாக எடுங்கள். ஜிப் கவரின் மேல் மார்க்கரால் எழுதினால் ஆயில் பட்டு அழிந்துவிடும். அட்டைத் துண்டில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். முடிந்த இடத்தில் போல்ட்டை அது இருந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்று திருகி விட்டுவிடுங்கள். அதைவிடப் பத்திரமான டப்பா கிடையாது.

உடைந்ததையும் தூக்கிப் போடாதீர்கள். சென்னையில் பழைய ஸ்பேர் விற்கும் புதுப்பேட்டையில் மாதிரி காட்டித்தான் தேட முடியும்.

பிரித்த கார் முழு காரைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். வீட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று முதல் ஸ்பானருக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறைப் பரணில் ரேடியேட்டர் வைத்தவன் நான்.

பட்டறையில் மொத்தமாக விட்டுவிட்டால்?

டிங்கர், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன், குஷன்காரர் என்று நாலு பேர் கைக்கு வண்டி போகும். ஒரு பட்டறையில் என் ஃபியட்டின் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிகள் இரண்டும், டேஷ்போர்டின் மெல்லிய குரோம் பட்டையும் மாயமாகிவிட்டன. திருட்டு என்று சொல்ல மாட்டேன், யாரோ பெருக்கிக் கொட்டியிருப்பார்கள். அதிலிருந்து குரோம், விளக்கு, எம்பளம், கைப்பிடி, மீட்டர் எல்லாவற்றையும் நானே வீட்டில் கழற்றி வைத்துக்கொண்டுதான் வண்டியை அனுப்புகிறேன்.

யாரோ பாதியில் விட்ட, பிரித்துப் போட்ட வண்டி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

கழற்றியவர் உங்களுக்கு மாட்டிக் காட்ட மாட்டார், எனவே பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள். பெட்டிகளைத் திறந்து, கிடைக்காத சாமான்களை முதலில் எண்ணுங்கள். இன்ஜின் தேடினால் கிடைக்கும், ஃபியட் கியர்பாக்ஸும் கிடைக்கும். ஹெரால்டின் பானெட், முழுசான கண்ணாடிகள், ஜோடியாக உள்ள விளக்கு வளையங்கள், கதவுப் பூட்டுகள் ஆகியவை அப்படி இல்லை. பெட்டிகளில் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் கழற்றியவர் நிதானமான ஆள், அந்த வண்டிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்கலாம். ஆர்சி புக் இல்லை, கூட்டில் சேசிஸ் நம்பர் இருந்த இடத்தில் புதுத் தகரம் இருக்கிறது என்றால், ஸ்பேர் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பேசாதீர்கள்.